டென்ட்டில் தூங்க விமானம் ஏறப் போறீங்களா? டிசம்பர் 31-க்கு முன்னாடி எல்டிஏ கணக்கைப் பாருங்க

போன வாரம் சேனலில் எல்டிஏ பத்தி பேசும்போது ரெண்டே நிமிஷத்தில் தாண்டிப் போயிட்டேன். வீடியோவில் கணக்கு போட்டுக் காட்டினா பாதிப் பேர் ஓட்டிடுவாங்கன்னு எடிட் பண்ற தம்பி சொன்னான். அதனால கணக்கு முழுசும் இங்க எழுத்தில். இது 2025 நவம்பர் நிலவரம். அடுத்த ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் வருது, பிரிவு எண்கள் எல்லாம் மாறும். இந்தக் கட்டுரையை அப்புறமா படிக்கிறவங்க அதை மனசில் வச்சுக்கோங்க.

எதுக்கு இப்ப இந்தத் தலைப்பு? சுவாமிமலையில் எங்க ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்திருந்தார். 27 வயசு, சென்னையில் ஐடி வேலை, வருஷம் 9 லட்சம் சம்பளம். அப்பா இங்கயே வெண்கலச் சிலை வார்க்கிற பட்டறையில் வேலை. அம்மா வீட்டில். கையில் போனை நீட்டினார். கம்பெனி ஹெச்ஆர் மெயில்: “2022–2025 பிளாக் டிசம்பர் 31-ஓட முடிகிறது. எல்டிஏ க்ளெய்ம் பண்ணாதவர்கள் பயண ஆதாரம் சமர்ப்பிக்கவும்.” அடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் குஜராத் ஏக்தா நகர் டென்ட் சிட்டி. அதுக்கு அடுத்ததில் ஒரு லோன் ஆப், 50,000 ரூபாய், “உடனடி அனுமதி”.

“சார், டிசம்பர் கடைசி வாரம் அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டா 40,000 ரூபாய் எல்டிஏ மிச்சம் ஆகும்ல? போகலன்னா அந்தப் பணம் போயிடும்ல?”

இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் “இல்லை”தான். ஆனா ஏன்னு புரிஞ்சாத்தான் நீங்க உங்க கணக்கைப் போட முடியும்.

முதல்ல அந்த இடம்

ஏக்தா நகர்னு இப்ப சொல்றது பழைய கேவடியா. நர்மதா ஆத்துல சர்தார் சரோவர் அணைக்குப் பக்கத்தில் 182 மீட்டர் உயர சர்தார் படேல் சிலை. 2018 அக்டோபர் 31-ல திறந்தாங்க. சிலை மட்டும் இருந்தா ஒரு நாளில் பார்த்துட்டு வந்துடலாம். அதைச் சுத்தி ஜங்கிள் சஃபாரி, குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து தீம் பார்க், ராத்திரி விளக்குத் தோட்டம், லேசர் ஷோ, ஆத்துல ராஃப்டிங்னு ஒரு முழு தீம் பார்க் ஊரையே கட்டி வச்சிருக்காங்க. தங்கறதுக்கு ஏரிக்கரையில் டென்ட் சிட்டி. டென்ட்னு சொன்னதும் நம்ம கல்யாணப் பந்தல் மாதிரி நினைக்காதீங்க. கட்டில், ஏசி, உள்ளேயே பாத்ரூம் எல்லாம் உண்டு. முட்டி வலி இருக்கிற அம்மாவும் தங்கலாம்.

“நம்ம ஊர்ல, காவிரிக் கரையில டென்ட் போட்டா என்ன?”ன்னு கேட்டீங்கன்னா, டிசம்பரில் டெல்டாவில் டென்ட் போட்டா தவளையோட சேர்ந்துதான் தூங்கணும். நமக்கு வடகிழக்குப் பருவமழை. சம்பா வயல் முழுக்க தண்ணி நிக்கும். குஜராத்துக்கு அது காய்ஞ்ச காலம், ராத்திரியில் பத்து பதினஞ்சு டிகிரிக்கு இறங்கும் குளிர். டென்ட்டுக்குன்னே இருக்கிற சீசன் அது. கட்ச் பக்கம் தோர்டோவில் நடக்கிற ரண் உத்சவ் டென்ட் சிட்டியும் இதே மாசங்களில்தான் நடக்குது.

தம்பியோட அப்பாவுக்கு டென்ட் மேல ஒரு ஆசையும் இல்லை. அவருக்கு வேண்டியது அந்தச் சிலை. உள்ளே கான்கிரீட்டும் இரும்பும், மேலே வெண்கலத் தகடுகள். அந்தத் தகடுகள் சீனாவில் வார்த்து எடுத்துட்டு வந்தவை. முப்பது வருஷமா மெழுகுல உருவம் செஞ்சு, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, உருக்கி ஊத்திட்டு இருக்கிற மனுஷன். “அவ்வளவு பெருசுக்கு ஜாயின்ட் எப்படி அடிச்சிருக்கான்னு பாக்கணும்டா”ன்னு சொன்னாராம். அம்மாவுக்கு வேண்டியது விமானம். ஒரு தடவை ஏறிடணும், அவ்வளவுதான். மகன் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு, இது வரைக்கும் அவர் வீட்டுக்குச் செஞ்ச பெரிய செலவு ஒரு ஃபிரிட்ஜ். அதனால “போகாதீங்க”ன்னு ஒரு வரியில் சொல்லி அனுப்ப எனக்கு மனசில்லை. கணக்கு சரியா வர்ற மாதிரி போக வைக்கணும், அதான் வேலை.

நீங்க எந்த வரி முறையில் இருக்கீங்க?

எல்டிஏ விலக்கு வருமான வரிச் சட்டம் பிரிவு 10(5), விதி 2பி. பழைய வரி முறையில் மட்டும்தான் உண்டு. புது வரி முறையில் கிடையாது. நிறைய பேர் இந்த ஒரு வரியையே கவனிக்கறதில்லை. இப்ப புது முறைதான் டிஃபால்ட். நீங்க ஏப்ரலில் ஹெச்ஆர் கிட்ட எதுவும் சொல்லலைன்னா அதுல தான் இருக்கீங்க. ஆனாலும் ஹெச்ஆர் மெயில் எல்லாருக்கும் பொதுவா போயிடும்.

நம்ம தம்பி புது முறையில் இருக்கார். 9 லட்சத்தில் 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போனா 8,25,000. இந்த நிதியாண்டில் 12 லட்சம் வரைக்கும் ரிபேட் இருக்கறதால வரி பூஜ்யம். சம்பளக்காரங்களுக்கு 12,75,000 வரைக்கும் இதே கதைதான். வரியே இல்லாதவருக்கு வரி விலக்கு எதுக்கு?

“அப்ப எல்டிஏக்காகப் பழைய முறைக்கு மாறிடவா?”ன்னு கேட்டார். சரி, போட்டுப் பார்ப்போம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000, 80சி முழுசா 1,50,000, வீட்டு வாடகைப் படியில் 1,20,000 விலக்குன்னு வச்சுக்குவோம், எல்டிஏ 40,000-ம் முழுசா கிடைக்குதுன்னே வச்சுக்குவோம். மிச்சம் 5,40,000. வரி 20,500, செஸ் 820, மொத்தம் 21,320 ரூபாய். அங்க பூஜ்யம், இங்க இருபத்தோராயிரம். எல்டிஏ மட்டும் தனியா மிச்சப்படுத்தறது 8,320. எட்டாயிரத்தைப் பிடிக்கப் போய் இருபத்தோராயிரத்தை விடற கதை.

சம்பளம் அதிகமா இருந்தா? 18 லட்சம் வாங்கறவருக்குப் புது முறையில் வரி செஸ் சேர்த்து 1,50,800. பழைய முறை இதை ஜெயிக்கணும்னா ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் சேர்த்து 6.9 லட்சத்துக்கு மேல கழிவுகள் இருக்கணும். சென்னையில் நல்ல வாடகை கட்டி, 80சி நிரப்பி, வீட்டுக் கடன் வட்டியும் கட்டறவங்களுக்கு அது நடக்கும். அவங்களுக்கு எல்டிஏ உண்மையிலேயே பிரயோஜனம். மீதிப் பேர் அந்த மெயிலை நிதானமா மூடலாம்.

இன்னொரு பயம், “40,000 போயிடுமா?” எல்டிஏ உங்க சம்பளத்தில் ஒரு பகுதி. பில் கொடுத்தா வரி இல்லாம வரும், கொடுக்கலைன்னா வரிக்கு உட்பட்ட சம்பளமா வரும். சில கம்பெனிகள் மாசா மாசம் கொடுத்துடுவாங்க, சில இடத்தில் வருஷக் கடைசியில் சேர்த்துக் கொடுப்பாங்க. உங்க கம்பெனியில் எப்படின்னு ஒரு வரி மெயில் போட்டுக் கேளுங்க. “வரிக்கு உட்பட்டதாகவே கொடுத்துடுங்க”ன்னு எழுதினா முடிஞ்சது. தம்பி விஷயத்தில் அதுதான் நடந்துச்சு. வரி பூஜ்யம்ங்கறதால முழு 40,000-ம் கையில் வரும், மார்ச் சம்பளத்தோட.

டிசம்பர் 31 அவ்வளவு பயங்கரமான தேதி இல்லை

இனி பழைய முறையில் இருக்கிறவங்களுக்கு. நாலு காலண்டர் வருஷம் ஒரு பிளாக், அதில் ரெண்டு பயணத்துக்கு விலக்கு. இப்ப ஓடறது 2022–2025. வரி வருஷம் ஏப்ரல்–மார்ச், ஆனா எல்டிஏ பிளாக் ஜனவரி–டிசம்பர். யார் இப்படி யோசிச்சாங்களோ தெரியலை, குழப்பம் மட்டும் வருஷா வருஷம் நடக்குது.

பிளாக்கில் பயன்படுத்தாத ஒரு பயணத்தை அடுத்த பிளாக்கோட முதல் காலண்டர் வருஷத்துக்கு எடுத்துட்டுப் போகலாம். அதாவது 2026 டிசம்பர் 31 வரைக்கும். புது பிளாக்கோட ரெண்டு பயணத்துக்கு மேல இது கூடுதல். கவனிங்க, ஒண்ணுதான். ரெண்டுமே பயன்படுத்தலைன்னா ஒண்ணு போச்சு, ஒண்ணு தப்பிச்சுது. அதனால கிறிஸ்துமஸ் வாரத்தில் ரெட்டை விலை டிக்கெட் வாங்கி ஓடணும்னு அவசியமே இல்லை. ஜனவரி கடைசியில் போனாலும் அதே 2025–26 நிதியாண்டில், அதே ஹெச்ஆர் கிட்ட, கேரி ஓவர்னு சொல்லி க்ளெய்ம் பண்ணலாம்.

எதுக்கு விலக்கு, எதுக்கு இல்லை

பயணக் கட்டணத்துக்கு மட்டும். டென்ட், சாப்பாடு, பார்க் டிக்கெட், ஊர் சுத்தற டாக்சி எதுவும் கிடையாது. விமானம்னா எகானமி கட்டணம், குறுகிய வழியில். நீங்க திருச்சியிலிருந்து வதோதரா போற வழியில் மும்பையில் ரெண்டு நாள் நண்பர் வீட்டில் தங்கினாலும், நேர் வழிக்கு எவ்வளவோ அவ்வளவுதான். நீங்களும் லீவ் எடுத்துக் கூடப் போகணும். அப்பா அம்மாவை மட்டும் அனுப்பிட்டு பில் கொடுக்க முடியாது.

குடும்பம்னா யார்? மனைவி அல்லது கணவர், குழந்தைகள் (1998 அக்டோபர் 1-க்கு அப்புறம் பிறந்தவங்கன்னா ரெண்டு பேர் வரைக்கும்), அப்புறம் உங்களை முழுசாவோ பெரும்பாலுமோ சார்ந்திருக்கிற பெற்றோர், அண்ணன் தம்பி, அக்கா தங்கை. இந்த “சார்ந்திருக்கிற”ங்கற வார்த்தையில் நிறைய பேர் மாட்டறாங்க. தம்பியோட அப்பா பட்டறையில் சம்பாதிச்சு அவர் செலவை அவரே பார்த்துக்கறார். அவர் டிக்கெட்டைச் சேர்க்கக் கூடாது. அம்மா டிக்கெட்டைச் சேர்க்கலாம். “ஒரே வீடு தானே சார்”னு எல்லாரும் சொல்றாங்க. சட்டம் வீட்டைப் பார்க்கலை, யார் யாருடைய வருமானத்தில் வாழறாங்கன்னு பார்க்குது.

பேக்கேஜா வாங்கினா இன்னொரு சிக்கல். “மூணு பேர், ரெண்டு இரவு, விமானத்தோட சேர்த்து இவ்வளவு”ன்னு ஒரே தொகையா பில் வந்தா அதில் விமானக் கட்டணம் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது, ஹெச்ஆர் திருப்பி அனுப்பிடுவாங்க. விமானத்தைத் தனியா வாங்குங்க, இல்லைன்னா பிரிச்சுக் காட்டற இன்வாய்ஸ் கேளுங்க.

வெளிநாடு? கிடையவே கிடையாது. இதில் ஒரு சுவாரஸ்யமான வழக்கு இருக்கு. ஸ்டேட் பேங்க் ஊழியர்கள் சிலர் எல்டிசியில் ஊர் சுத்தினாங்க. ஒருத்தரோட வழி: டெல்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், திரும்ப கொழும்பு, டெல்லி. மதுரை இந்தியாவில் தானே இருக்கு, டெல்லி–மதுரை கட்டணத்துக்குள்ள தானே க்ளெய்ம் பண்றோம்னு வாதம். வங்கியும் அதை ஏத்துக்கிட்டு டிடிஎஸ் பிடிக்கலை. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4-ல தீர்ப்பு சொல்லிடுச்சு: இந்தியாவுக்குள்ள ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போறதுக்குத்தான் இந்தச் சலுகை, வெளிநாட்டுக்குப் போய் சுத்திட்டு வந்தா விலக்கு இல்லை. டிடிஎஸ் பிடிக்காத வங்கிதான் பொறுப்புன்னும் ஆச்சு. இப்ப உங்க ஹெச்ஆர் ஏன் அவ்வளவு கறாரா போர்டிங் பாஸ் கேக்கறாங்கன்னு புரியுதா?

அமெரிக்காவில் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குள்ளயே ஃபோர்ட் வில்டர்னஸ்னு ஒரு கேம்ப் கிரவுண்ட் 1971-லிருந்து இருக்கு. குளிர்காலத்தில் டென்ட் அடிக்கிறதுக்குன்னு விமானம் ஏறி வர்றவங்க உண்டு. அந்த மாதிரி வெளிநாட்டு டூர் பேக்கேஜ் இங்கிருந்து வாங்கினா எல்டிஏ கிடையாது, அதோட 10 லட்சம் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 20 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பாங்க. அது செலவு இல்லை, உங்க பேரில் கட்டின வரி. ஃபார்ம் 26ஏஎஸ்-ல வரும், ரிட்டர்னில் கழிச்சுக்கலாம். படிவம் 12பிஏஏ கொடுத்தா கம்பெனியே மாச டிடிஎஸ்ஸில் குறைச்சுக்கும். நிறைய பேர் இதை மறந்து சும்மா விட்டுடறாங்க.

பில் “ரெடி” பண்ணித் தர்றவங்க

இதைச் சொல்லாம விட முடியாது. 500 ரூபாய் கொடுத்தா டிக்கெட், போர்டிங் பாஸ் எல்லாம் பிடிஎஃப்பா செஞ்சு தர்ற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்காங்க. பொய்யா கழிவு காட்டினா அது தவறான தகவல்னு கணக்காகும். பிரிவு 270ஏ-படி ஏய்ச்ச வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம், வரியும் வட்டியும் தனி. 8,320 மிச்சம் பண்ணப் போனவர் 16,640 அபராதம் கட்டுவார். 2025 ஜூலை 14-ல வருமான வரித் துறை போலிக் கழிவு போட்டுக் கொடுக்கிற இடைத்தரகர்களைக் குறி வச்சு 150 இடங்களில் சோதனை ஆரம்பிச்சுது. இடைத்தரகர் மாட்டினா அவர் லேப்டாப்பில் உங்க பேன் நம்பரும் இருக்கும்.

7,500 கோடு

டென்ட்டுக்கு ஜிஎஸ்டி எப்படி? ஹோட்டல் தங்குமிடம்ங்கறதுக்கு ஜிஎஸ்டியில் கொடுத்திருக்கிற விளக்கத்தில் கேம்ப்சைட்டும் அடங்கும். ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும்னா 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். முன்னாடி 12 இருந்தது. 7,500-ஐத் தாண்டினா 18.

நடுவில் படி எதுவும் இல்லை, நேரா குதிக்கும். 7,400 ரூபாய் டென்ட்டுக்கு வரி 370, மொத்தம் 7,770. 7,600 ரூபாய் டென்ட்டுக்கு வரி 1,368, மொத்தம் 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்கு 1,198 கூடுதல், அதுவும் ஒரு ராத்திரிக்கு. எக்ஸ்ட்ரா பெட் போட்டாலும் அதுவும் வாடகையோட சேரும், அது உங்களைக் கோட்டைத் தாண்ட வச்சிடும். புக் பண்றதுக்கு முன்னாடி “வரிக்கு முன்னாடி ஒரு நாளைக்கு எவ்வளவு”ன்னு கேட்டு எழுதி வாங்குங்க. தீம் பார்க் நுழைவுக்கு 18 சதவீதம், அதில் பேரம் இல்லை. எகானமி விமானத்துக்கு 5, அதுக்கு மேல் வகுப்புன்னா இப்ப 18.

அந்த 50,000 லோன்

தம்பி முதல்ல போட்ட திட்டம் டிசம்பர் கடைசி வாரம். தொகை எல்லாம் நாங்க அன்னைக்குப் பார்த்ததும் உத்தேசமும்தான், உங்களுக்கு மாறும். விமானம் போக வர ஆளுக்கு 18,000, மூணு பேருக்கு 54,000. டென்ட் ரெண்டு ராத்திரி வரியோட 15,540. வதோதராவிலிருந்து டாக்சி போக வர 7,000. சுவாமிமலை–திருச்சி ஏர்போர்ட் கார் போக வர 5,000. டிக்கெட்டுகள் 4,500, சாப்பாடு 6,000, ஸ்வெட்டர் பெட்டி வகையறா 4,000. கூட்டினா 96,040. கையில் டூருக்குன்னு சேர்த்தது 45,000. மீதிக்கு லோன்.

50,000 ரூபாய், 16 சதவீதம், 12 மாசம்: இஎம்ஐ 4,537. வட்டி மட்டும் 4,438 பக்கம். பிராசஸிங் ஃபீ 2 சதவீதம், அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 1,180. ஆக கடனோட விலை 5,600-க்கு மேல. அவருக்கு வரி மிச்சம் பூஜ்யம்னு மேல பார்த்தோம். பூஜ்யத்தை மிச்சம் பிடிக்க ஐயாயிரத்து அறுநூறு செலவு.

“நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே சார்?” அதிலும் வட்டி உண்டு. அதே அளவு தள்ளுபடியா காட்டி மறைப்பாங்க, வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில் வரும், ஃபீயும் வரும். அதே டிக்கெட்டை மொத்தமா கட்டினா என்ன விலைன்னு பக்கத்தில் வச்சுப் பாருங்க. கிரெடிட் கார்டில் தேய்ச்சுட்டு மினிமம் டியூ மட்டும் கட்டற வழியை நான் கணக்கே போடலை. மாசம் 3.5 சதவீதத்துக்கு மேலயும் போகும்.

அவசரத்துக்குன்னு அவர் தனியா வச்சிருந்த ஒன்றரை லட்சம் எஃப்டி இருந்தது. அதை உடைக்கலாமான்னு கேட்டார். வேண்டாம்னேன். அப்பா வேலை செய்யற இடத்தில் உலைச்சூடு, வயசு 58. அந்தப் பணம் டென்ட்டுக்கு இல்லை.

மாத்திப் போட்ட திட்டம்

பொங்கலுக்கு எப்படியும் தம்பி ஊருக்கு வர்றார். பொங்கல் கூட்டம் வடிஞ்சு அடுத்த வாரம் மூணு பேரும் திருச்சியிலிருந்து கிளம்பறாங்க. திருச்சியிலிருந்து நேரா வதோதரா விமானம் கிடையாது, நடுவில் ஒரு ஊர்ல மாறணும். போறது மட்டும் விமானம், ஆளுக்கு 7,000 கணக்கில் 21,000. அம்மா ஆசை ஒரு வழியிலேயே தீர்ந்துடும், மாறிப் போறதால ரெண்டு விமானமாவே தீரும்.

திரும்பி வர்றது ரயில். சென்னை சென்ட்ரலுக்கும் ஏக்தா நகருக்கும் நடுவில் நேரடி எக்ஸ்பிரஸ் உண்டு, 2021 ஜனவரியில் ஏக்தா நகர் ஸ்டேஷன் திறந்தப்ப விட்டது. ஆனா வாரம் ஒரு தடவைதான். உங்க நாளோட பொருந்தலைன்னா வதோதரா வந்து அகமதாபாத்–சென்னை நவஜீவன் பிடிக்கலாம், அது தினசரி. தேர்ட் ஏசியில் மூணு பேருக்கு 7,000-க்குள். முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், அதனால தேதியைக் குறிச்சு வச்சுக்கோங்க. சென்னையில் தம்பி இறங்கிக்குவார், அப்பா அம்மா உழவன் எக்ஸ்பிரஸில் கும்பகோணம், 1,000 ரூபாய்.

டென்ட் அதே 15,540. வதோதரா–ஏக்தா நகர் போக வர 4,000, உள்ள சுத்தறதுக்கு மின்சார பஸ் ஓடுது. திருச்சி கார் ஒரு வழிக்கு 2,500. டிக்கெட் 4,500, சாப்பாடு 6,000. ஸ்வெட்டர் ரெண்டு பக்கத்து வீட்டில் இரவல், மீதிக்கு 1,500. மொத்தம் 63,040. முதல் திட்டத்தை விட 33,000 கம்மி.

கையில் 45,000, டிசம்பர் ஜனவரி ரெண்டு சம்பளத்தில் 9,000 வீதம் 18,000. ஆக 63,000. நாப்பது ரூபாய் குறையுது, அதை நான் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த தடவைக்கு: மாசம் 5,000 ஆர்டி, 12 மாசம், 6.5 சதவீதம்னா 62,100 பக்கம் வரும். சம்பளம் விழற மறுநாளே ஆட்டோ டெபிட் போட்டுடுங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி

டென்ட் புக்கிங்கில் கேன்சல் பண்ணா என்ன திரும்ப வரும்னு முதல்ல படிங்க. சீசனில் பல இடத்தில் ஒண்ணுமே வராது. விமானத்தை முதல்ல உறுதி பண்ணிட்டு அப்புறம் டென்ட். இந்த வருஷம் படேலோட 150-வது பிறந்த ஆண்டு வேற, கூட்டம் இருக்கும். சிலைக்கு மேல பார்வையாளர் மாடம் போற டிக்கெட் தனி, சாதா நுழைவுச் சீட்டில் மேல ஏத்த மாட்டாங்க. திங்கட்கிழமை சிலை மூடியிருக்கும். தம்பி ஞாயிறு போய் சேர்ந்து செவ்வாய் கிளம்பற மாதிரிதான் முதல்ல போட்டிருந்தார். நடு நாள் பூராவும் அப்பா வெளியே நின்னு அண்ணாந்து பார்த்திருப்பார். இப்ப புதன் போய் வெள்ளி கிளம்பறாங்க.

பழைய வரி முறையில் க்ளெய்ம் பண்றவங்க எடுத்து வைக்க வேண்டியது: விமான டிக்கெட் இன்வாய்ஸ், ஒவ்வொருத்தரோட போர்டிங் பாஸ், லீவ் அனுமதி மெயில், பணம் கட்டின கார்டு அல்லது வங்கி ஸ்டேட்மென்ட், அப்புறம் படிவம் 12பிபி. போர்டிங் பாஸைப் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் போட்டு வச்சுக்கோங்க, ஹெச்ஆர் கேக்கும்போது காகிதம் துணி துவைச்சதில் போயிருக்கும்.

முதல் தடவை விமானம் ஏறற பெரியவங்க இருந்தா, எகானமியில் பெட்டி பொதுவா 15 கிலோ, கைப்பை 7 கிலோ. சுவாமிநாத சுவாமிக்கு அர்ச்சனை பண்ணின தேங்காய், வீட்டில் காய வச்ச கொப்பரை எதையும் அம்மா பெட்டியில் வச்சுடப் போறாங்க. செக்-இன் பெட்டியில் கொப்பரைக்கு அனுமதி இல்லை. திருச்சியில் பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்துடுவாங்க. விபூதி கொண்டு போகலாம்.